சோபாக்காரரின் பிடிப்பு

மனைவி பெட்டியைக் கட்டிலின் மேல் திறந்து வைத்துத் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமாகி எட்டு மாசம் பொறுத்துட்டேன். உங்களுக்கு என்மேல ஒரு பிடிப்பும் இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் வர்றார். நான் கிளம்பறேன்."

குரலில் அழுகை இல்லை. அழுது தீர்த்த பிறகு வரும் குரல் அது.

சோபாக்காரருக்கு நாக்கு நுனி வரை வந்த உண்மை தொண்டைக்குள் திரும்பிப் போனது. அவர் தைத்த சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு எழுந்திருக்க மனம் வராது என்பார்கள். அவருக்கோ அன்று நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

விஷயம் இதுதான். அவருக்கு ஆணுறுப்பின் முன்தோல் இறுகிப்போயிருந்தது. பின்னால் நகராது. மனைவியை நெருங்கினால் உயிர் போகும் வலி, சில சமயம் தோல் வெடித்து ரத்தமும் கசியும். அதை அவளிடம் சொல்ல வெட்கம். தலைவலி என்றார், அசதி என்றார், பட்டறையில் அவசர வேலை என்றார். பொய்கள் தீர்ந்துபோனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கட்டிய கணவனின் முதுகையே பார்த்துக்கொண்டு எட்டு மாதம் கிடந்தாள் அந்தப் பெண். கல்லாக இருந்தாலும் கரைந்திருக்கும்.

பட்டறைக்குப் போன அரை மணி நேரத்தில், ஓரம் வரை எட்டாத ஒரு ரெக்சின் உறையை ஆத்திரத்தில் இழுத்துக் கிழித்தார். மெஷினில் இருந்த தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே, வீட்டுச் சண்டைய சோபாகூட போடறீங்க?"

கிழிந்த உறையைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார். நான்கு முறை மருந்துக்கடையைத் தாண்டிப் போய், ஐந்தாம் முறை உள்ளே நுழைந்தார். கல்லாவில் கூட்டம் வேறு.

"என்ன வேணும்?"

காலையில் கேட்ட சொல்தான் காதுக்குள் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. அதுவே வாயிலும் வந்துவிட்டது.

"கீழே ஒரு பிடிப்பு."

"இடுப்பா, தொடையா?"

"அந்தப் பக்கந்தான்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா. அசைக்க முடியல."

கடைக்காரர் அனுதாபத்தோடு ஒரு களிம்புக் குழாயை நீட்டினார். "காலையும் மாலையும் நல்லா அழுத்தித் தேய்ங்க. சூடு இறங்கும், பிடிப்பு விட்டுடும்."

அது தசைப்பிடிப்புக்கான தைலக் களிம்பு என்பதை, பட்டறைக் கழிவறையில் தேய்த்த அடுத்த நிமிடமே சோபாக்காரர் தெரிந்துகொண்டார். கண்ணில் மிளகாய் விழுந்தால்கூட அப்படி எரியாது. தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, உள்ளே ஆத்தையே திறந்துவிட்டுட்டீங்களா?" என்று தையல்காரர் கதவைத் தட்டினார். "டேங்கு காலியாயிடும்."

எரிச்சல் மானத்தை ஜெயித்துவிட்டது. கால்களை அகட்டி அகட்டி நடந்து, இரண்டு தெரு தள்ளியிருந்த மருத்துவரிடம் போய் நின்றார். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு முன்தோல் இறுக்கம் டாக்டர். அதுல தசைவலிக் களிம்பு போட்டுட்டேன்."

மருத்துவர் பரிசோதித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். உதட்டோரம் துடித்தாலும் சிரிக்கவில்லை.

"நல்ல வேளை, உடனே கழுவிட்டீங்க. இந்த இறுக்கம் எப்பலேருந்து?"

"சின்ன வயசுலேருந்தே. இருபது வயசுல பலமா இழுத்துப் பாத்தேன். ரத்தம் வந்துச்சு. அதுக்கப்புறம் இன்னும் மோசம்."

"பின்னே? அந்தக் காயம் ஆறி வளையமா இறுகியிருக்கு. சின்னப் பசங்களுக்கு முன்தோல் ஒட்டித்தான் இருக்கும். வளர வளர முக்கால்வாசிப் பேருக்குத் தானா விட்டுடும். கைவச்சு இழுத்தா இப்படித்தான். சர்க்கரை இருக்கான்னும் பாத்துடலாம். அதாலயும் தோல் வெடிக்கும்."

"ஆபரேஷனா டாக்டர்?"

"முதல்ல எரிச்சல் ஆறட்டும். நாலு நாள் கழிச்சு இந்தக் களிம்பை மெல்லிசா தடவி, மெதுவா தோலைப் பின்னால நகர்த்துங்க. இழுவை தெரியணும், வலி தெரியக்கூடாது. நகர்த்தின தோலை உடனே முன்னால கொண்டுவந்துடணும். அது பின்னாலயே மாட்டி வீங்கிடுச்சுன்னா ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஆறு வாரம் பாப்போம். விடலேன்னா சின்ன அறுவை. அதுக்கும் பயப்பட ஒண்ணுமில்ல." சீட்டை எழுதி நீட்டியவர் கேட்டார்: "வீட்ல சொல்லிட்டீங்களா?"

சோபாக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தே கால்.

வீட்டுக்கு வந்தபோது பெட்டி வாசலருகே நின்றது. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். மருந்துக்கடையையும் விடவில்லை. மனைவி முகத்தில் முதலில் எதுவும் அசையவில்லை.

"நீங்க சொல்ற லட்சணத்துக்கு உங்க முதுகுல ஆபரேஷன் பண்ணாம விட்டாங்களே, அதுவே பெரிசு" என்றாள். சிரிப்பு பாதியில் அழுகையாக உடைந்தது. "எட்டு மாசமா கண்ணாடி முன்னால நின்னு என்கிட்ட என்ன குறைன்னு தேடினேங்க. ஒரு நாள் வாயத் திறந்திருக்கக் கூடாதா?"

"தப்புதாம்மா."

"தப்புன்னா போயிடுமா?"

அவர் தலைகுனிந்தார். அவள் பெட்டியைத் தொடவுமில்லை, நகர்த்தவுமில்லை. போகிறாளா, இருக்கிறாளா என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

ஆறு மணிக்கு அவள் அண்ணன் வந்தார். வந்ததும் பெட்டியைக் கையில் எடுத்தார். "என்ன மாப்ள, என் தங்கச்சிய அழவச்சே அனுப்பறீங்களா?"

"அண்ணே, அது வந்து..." என்று அவள் ஏதோ சமாளிக்கப் பார்த்தாள். சோபாக்காரர் முந்திக்கொண்டார்.

"குறை அவகிட்ட இல்ல மச்சான். எனக்கு முன்தோல் இறுக்கம். வெட்கப்பட்டு மறைச்சு அவளை நோகடிச்சுட்டேன். இன்னிக்குத்தான் டாக்டர்கிட்ட போனேன்."

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கேட்க வந்ததை மறந்தவர்போல இருந்தது அவர் முகம்.

"என் சின்னப் பையனுக்கும் தோல் நகரல மாப்ள" என்றார் மெல்ல. "மூணு வயசாகுது. குளிப்பாட்டும்போது தினமும் இழுத்து விடணும்னு யாரோ சொன்னாங்களாம். பிள்ளை வீறிட்டு அழறான்."

சோபாக்காரர் பதறிக் கையை ஆட்டினார். "வேண்டாம் மச்சான். இழுக்கவே கூடாது. அது தானா விடும். ஒண்ணுக்குப் போறப்ப வலிச்சாலோ, வீங்கினாலோ மட்டும் டாக்டர்கிட்ட காட்டுங்க. நான் இழுத்துத்தான் கெட்டேன்."

அண்ணன் விருட்டென்று எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டே தன் வீட்டுக்குப் போன் போட்டார்.

"பிள்ளைய குளிப்பாட்டிட்டியா? இன்னும் இல்லையா? சரி, நான் வர்ற வரைக்கும் அவனைத் தொடாதே."

படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. மனைவி பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள்.