மழை பெய்தது, அவ்வளவுதான்

பார்க்டேலில் மாலை நேர ஜப்பானிய வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் ஓர் அன்ரி இருப்பார். நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருப்பார். குடை கொண்டுவரவே மாட்டார். நனைந்த கோட்டோடு வந்து நிமிர்ந்து உட்காருவார்.

ஒருநாள் 'மெய்வாகு உகெமி' படித்தோம். தொல்லையைச் சொல்லும் செயப்பாட்டு வினை அது. 'மழை பெய்தது' என்பதை 'மழையால் பெய்யப்பட்டேன்' என்று மாற்றினால், நான் பட்ட பாடும் அதில் சேர்ந்துவிடும். ஆளுக்கொரு வசனம் சொல்லும்படி ஆசிரியை கேட்டார்.

அன்ரியின் முறை வந்தது. எங்கள் ஆட்களுக்கு இரக்கப்பட இலக்கணம் தேவையில்லை. பின்னால் இருந்த அங்கிள் குனிந்து, "உங்கட மனுசன் உங்களை விட்டிட்டுப் போனதைச் சொல்லுங்கோவன்" என்று எடுத்துக்கொடுத்தார்.

அன்ரி திரும்பினார். "ஆர் சொன்னது அவர் விட்டிட்டுப் போனவர் எண்டு? வீட்டை விட்டு வெளிக்கிடுங்கோ எண்டு சொன்னதே நான்தான்."

அதையே ஜப்பானிய மொழியில் உரக்கச் சொன்னார்.

"வசனம் சரி. ஆனால் உங்கள் துன்பம் அதில் வரவில்லையே" என்றார் ஆசிரியை.

"வராது" என்றார் அன்ரி.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது நல்ல மழை. என் குடைக்குள் வரச் சொன்னேன்.

"வேண்டாம் பிள்ளை, நீர் நனையாமப் போம்."

அவர் ஸ்ட்ரீட்கார் தரிப்பிடத்துக்குப் போய்ச் சேரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மழைக்காக அவர் ஓர் எட்டுக்கூட வேகமாக வைக்கவில்லை.