கொட்டகலையில் ஏறிய அண்ணன்

கொட்டகலை ஸ்டேஷனை அன்று காலை பனி முழுதாக மூடியிருந்தது. ரயில் நின்றதும் நனைந்த குடையோடு ஒரு மனிதர் எங்கள் பெட்டியில் ஏறினார். நெரிசலில் ஆட்களை விலக்கிக்கொண்டு நேராக டெய்லர் அக்காவிடம் வந்தார். "எறங்குடி" என்றார். அவர் அக்காவின் கூடப்பிறந்த அண்ணன்.

அப்போது நான் அட்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தலவாக்கலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து எங்களைப் போல ஒரு கூட்டமே காலை ரயிலில் அட்டனுக்குப் போய், சாயங்கால ரயிலில் திரும்பும். துணிக்கடை, பேக்கரி, போட்டோக் கடை, ஆஸ்பத்திரி என்று ஆளுக்கொரு வேலை. தோட்டத்து ரோட்டில் சேற்றோடு நடந்துவரும் செருப்பை ஸ்டேஷன் வாசலில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டு, பையில் கொண்டுவரும் நல்ல செருப்பைப் போட்டுக்கொள்வோம். பெட்டிக்குள் யாராவது ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தால் தேங்காய்ச் சம்பல் வாசத்துக்கே நாலு கை நீளும். வேலைக்குப் போகிறோம் என்ற பெருமை அந்த ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வரும்.

டெய்லர் அக்கா குடியிருந்தது தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில். அவருடைய புருஷன் மலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது குளவி கொட்டி இறந்துபோனார். அதற்குப் பிறகு அக்கா கொழுந்து பறிக்கப் போகவில்லை. "அந்த மலைக்குள்ள கால் வைக்க முடியலடி" என்று ஒருமுறை சொன்னார். தையல் பழகி, அட்டனில் ஒரு தையல் கடையில் சேர்ந்து, மகனைப் படிக்க வைத்தார். டவுனுக்குப் போய்வரும் விதவைப் பெண்ணைப் பற்றித் தோட்டத்தில் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், யாருடைய ரவிக்கை எங்கே பிடிக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டு வருவார்.

ஆஸ்பத்திரி அண்ணன் எங்களுக்கு முந்தின ஸ்டேஷனான வட்டகொடையில் ஏறுகிறவர். ஆஸ்பத்திரியில் சிற்றூழியர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசமாட்டார். ஜன்னலோர சீட் ஒன்றில் உட்கார்ந்து வருவார். தலவாக்கலையில் அக்கா ஏறியதும் எழுந்து, ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். அக்கா அந்த இடத்தில் உட்காருவார். மாதக்கணக்கில் இது மட்டும்தான் நடந்தது. பிறகு எப்போதோ, "மகனுக்குக் காய்ச்சல் விட்டுச்சுங்களா?" என்று அவர் கேட்டதும், "விட்டுருச்சுங்க" என்று அக்கா சொன்னதும் எனக்குக் கேட்டது. காய்ச்சல் வந்த விஷயம் எனக்கே தெரியாது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே தேயிலையைப் பார்த்தேன்.

இந்தச் செய்திதான் எவர் வாயாலோ கொட்டகலைத் தோட்டமொன்றில் கல்யாணம் கட்டி அங்கேயே கங்காணியாக இருந்த அக்காவின் அண்ணன் காதுக்குப் போயிருக்கிறது. "நாலு பேர் முன்னாடி தலை நிமிர முடியல. எறங்குன்னு சொல்றேன்ல" என்று அவர் மறுபடி கத்தினார். ஆஸ்பத்திரி அண்ணன் வாசலிலிருந்து ஓரடி உள்ளே வந்தார். அக்கா வேண்டாம் என்பதுபோல் அவரைப் பார்த்தார். பிறகு, குரலை உயர்த்தாமல், "நான் எறங்க வேண்டிய எடம் அட்டன், அண்ணே. அங்க வந்து பேசுங்க" என்றார்.

அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. அக்காவின் அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் சிங்கமலைச் சுரங்கம் வந்தது. எங்கள் பெட்டியில் விளக்கு எரியாது. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பையன்கள் கூச்சல் போடுவது வழக்கம். அன்று ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்தக் கும்மிருட்டில், சக்கரங்களின் இரைச்சலுக்கு நடுவே, அண்ணனின் குரல் முற்றிலும் வேறாகக் கேட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? ஊரான் சொல்லியா நான் கேக்கணும்?"

"சொல்லியிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா அண்ணே?"

வெளிச்சம் திரும்பியபோது அக்கா நின்றுகொண்டிருந்தார். அக்காவின் இடத்தில் அண்ணன் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அட்டனில் இறங்கி வாசலுக்கு வந்தபோதுதான் அவரிடம் டிக்கெட் இல்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. அதிகாரி சிங்களத்தில் அதட்டினார். மலையில் நூறு பேரை வேலை வாங்குகிறவர், பாஷை வராமல் கூசிப்போய் நின்றார். அக்கா திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்று, "மகே அய்யா, மாத்தயா. மாவ பலன்ன ஆவே" என்றார். அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த முறை டிக்கெட் எடுக்கச் சொல்லி விட்டுவிட்டார். வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார்: "என்னாம்மா சொன்ன?"

"எங்க அண்ணன், என்னைப் பாக்க வந்திருக்காருன்னு சொன்னேன்."

அவர் ஆஸ்பத்திரி அண்ணன் பக்கம் திரும்பி, "டீ குடிப்பீங்களா?" என்றார். எனக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது. டீக்கடையில் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் சாயங்கால ரயிலில் அண்ணன்கள் இருவரும் வாசலில் ஒன்றாக நின்று வந்தார்கள்.

கல்யாணத்தை அண்ணனே தன் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடத்தி வைத்தார். எங்கள் பெட்டி மொத்தமும் அதே ரயிலில் போய்க் கொட்டகலையில் இறங்கியது. அக்காவின் மகன் பெரிய மனிதன் மாதிரி எல்லோருக்கும் சந்தனம் நீட்டினான். அக்கா பிறகு தலவாக்கலையிலேயே சொந்தமாகத் தையல் கடை போட்டார். அவருக்கு ரயில் தேவைப்படவில்லை. நான் மட்டும் அதே மருந்துக் கடைக்கு இன்னும் போய்வருகிறேன். இப்போது காலைப் பெட்டிகளில் வெளிநாட்டுக்காரர்கள் வாசலில் தொங்கிப் படம் எடுக்கிறார்கள்; பக்கத்தில் இருப்பவரின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

அண்மையில் பெரிய மழையில் மண் சரிந்து ரயில் பாதை உடைந்தது. பல வாரங்கள் பஸ்ஸில் போய்வந்தேன். ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய காலையில், தலவாக்கலை பிளாட்பாரத்தில் டெய்லர் அக்காவும் ஆஸ்பத்திரி அண்ணனும் நின்றார்கள். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. எங்கே பயணம் என்று கேட்டேன். "எங்கயும் இல்லடி. சும்மா அட்டன் வரைக்கும் போயிட்டு வரலாம்னு" என்றார் அக்கா.

பெட்டியில் எங்களுக்கு எதிரே, காதில் இயர்போனோடு தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. "எங்கம்மா வேலை?" என்று கேட்டார்.

"அட்டன்ல, பேங்க்ல, ஆன்ட்டி."

"தனியாவா போய் வர்ற? வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?"

அந்தப் பெண் இயர்போனைக் கழற்றினாள். கேள்வி நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. "எதுக்கு ஆன்ட்டி சொல்லணும்?" என்றாள்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். என்னவோ ஏதோ என்று பதறித் திரும்பிய புருஷனிடம், "ஒண்ணுமில்லங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் சிரித்தார்.