மூடிக்காரம்மா

ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை அவளுக்கு. வேலை முடிந்ததும் நேரே பழைய சாமான் கடைகளுக்கு நடையைக் கட்டுவாள். பழங்காலக் கண்ணாடிக் குப்பி என்றால் அவளுக்கு உயிர். முழுக் குப்பியின் விலை கைக்கு எட்டாது. குப்பி உடைந்து அதன் கண்ணாடி மூடி மட்டும் மிஞ்சினால் கடைக்காரர்கள் ஒரு கூடையில் போட்டுவைப்பார்கள், அதைத்தான் வாங்கினாள். பட்டை தீட்டியது, காளான் போலக் குடை விரித்தது, உள்ளே நீலச் சுருள் ஓடுவது என்று இருபத்திரண்டு வருஷத்தில் நானூறு மூடி சேர்ந்துவிட்டது. செருப்பு அலமாரியைக் காலி செய்து அதில் அடுக்கினாள். தெருவே மூடிக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டது.

“ஊர்ல குதிரைய வாங்கிட்டு லாடம் தேடுவாங்க. நீ லாடமாவே வாங்குற,” என்பார் பஸ் மெக்கானிக்கான கணவர். அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டுக்கொடுத்தவரும் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், கடைக்காரர் சொல்லி, துண்டில் சுற்றிய பச்சைக் குப்பியோடு வந்தார். வீடு நிறையக் கண்ணாடிக் குப்பி சேர்த்தவர். இது ஒன்றுக்கு மட்டும் மூடியில்லாமல் ஒன்பது வருஷமாக அலைகிறார்.

“ஒவ்வொண்ணா வச்சுப் பார்க்கலாமாம்மா?”

“ஐயோ, வேண்டாங்க. உரசினா ரெண்டும் கெட்டுடும்.”

குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். கழுத்து விளிம்பில் மயிரிழை போலக் கீறிய ஒரு எண்: பதினேழு.

“ஜோடி மாறாம இருக்க, செஞ்சவங்களே நம்பர் போட்டிருக்காங்க. மூடியோட அடியிலயும் இருக்கும்.”

பதினேழாம் நம்பர் அவளிடம் மூன்று இருந்தன. பச்சை ஒன்றுதான். எடுத்து வைத்து லேசாகத் திருகினாள். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “என்ன வேணும்னாலும் கேளுங்கம்மா.”

பதினொரு வருஷமாகத் தினமும் துடைத்த மூடி அது. விட மனசே இல்லை. ஆனாலும், இனி அதைக் குப்பியிலிருந்து பிரித்து எடுக்கக் கை வரவில்லை.

“கொண்டு போங்க. ஈரத்தோட மட்டும் மூடி வைக்காதீங்க, இறுகிக்கும்.”

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்ஜினியர் சும்மா இருப்பாரா? தெரிந்த சேகரிப்பாளர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். குப்பிகள் வரத் தொடங்கின. வீடு தேடி வந்த பாதிப் பேர் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். ஏறக்குறைய பொருந்துவதை அவள் ஒருநாளும் கொடுத்ததில்லை. அப்படியும் அறுபத்துமூன்று மூடிகள் ஜோடி சேர்ந்தன.

போன மாதம் சேகரிப்பாளர்கள் கூட்டத்தில் அவளை மேடையேற்றி, பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்ததும் வியர்த்துவிட்டது.

“எனக்குப் பேச வராதுங்க. யாராவது குப்பி கொண்டாந்திருந்தா குடுங்க, பார்த்துடுறேன்.”

கூடத்தில் ஏழு பேர் பையைத் திறந்தார்கள்.