பூட்ஸ் வரிசையில் எங்கள் ஷூ

தொண்ணூறுகளின் கடைசியில், டாலஸிலிருந்து காரில் போகும் வழியில் ஒரு சின்ன டெக்சஸ் ஊரில் இறங்கினோம். பழைய ராணுவக் கோட்டையும் அதற்குள் ஒரு சர்ச்சும்தான் அங்கே பார்க்க இருந்தன. நல்ல வெயில், தெருவில் ஆளே இல்லை. சர்ச் வாசலில் மட்டும் வரிசையாகப் பூட்ஸ்கள்.

"பரவால்லையே, இங்கயும் கழட்டிட்டுத்தான் போறாங்க" என்றாள் என் மனைவி. வரிசை கலையாமல் நாங்களும் கழற்றி வைத்தோம், எங்கள் நான்கு வயது மகளின் ரோஸ் நிற ஷூ உட்பட.

வெளியே இத்தனை பூட்ஸ். உள்ளே ஒருவரும் இல்லை.

"அப்பா, வேர் இஸ் எவ்ரிபடி?" என்று மகள் கிசுகிசுத்தாள்.

திரும்பி வந்தோம். வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் ஒவ்வொரு பூட்ஸிலும் சின்னக் கொடி செருகிக்கொண்டிருந்தார். எங்கள் ஷூக்களிலும் கொடி. மகளுடையதிலும்.

அவை எங்களுடையவை என்றேன். அவர் எங்கள் வெறுங்கால்களையே பார்த்தார். போருக்குப் போய்த் திரும்பாத இந்த ஊர்ப் பிள்ளைகளின் பூட்ஸ் இவை என்றார். பிறகு மெதுவாக, "திரும்பி வந்து கேட்டவங்க நீங்க மட்டும்தான்" என்றார்.

மனைவி ஷூவைத் தொடவே இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள்.

மகள் இன்று வளர்ந்துவிட்டாள். ஆனாலும் வாசலில் அவள் ஷூவைப் பார்த்தால், உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கும்வரை என்னால் உட்கார முடிவதில்லை.