எட்டாத வால்வு

எனக்குப் பொறுமை கிடையாது. தலவாக்கலை பஜாரில் இருபது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அந்த இருபது வருடத்தில் ஒரு பிளேன்டீயைக்கூட ஆறவிட்டுக் குடித்ததில்லை. இந்தக் குணத்தால் ஒரு பெண்ணின் ரேஸைக் கெடுத்தேன். சைக்கிள் வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தர்ஷினி எங்கள் சைக்கிள் கிளப் பெண். பஜாரில் துணிக்கடையில் வேலை. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து தினமும் சைக்கிளில்தான் வருவாள். ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் பெண்கள் ரேஸ் நடந்தது. முதல் மூன்று பேருக்கு மாகாண அணியில் இடம். முந்தைய வருடம் இவள் நான்காவது. அதனால் கண்டியிலிருக்கும் கோச் தன் டீப் ரிம் சக்கரங்களை இரவல் கொடுத்திருந்தார். சாதாரண ரிம் ஒரு விரல் உயரம் என்றால் இது மூன்று விரல் உயரம். சக்கரங்களோடு ஒரு டியூபும் கொடுத்திருந்தார்.

ரேஸ் அன்று காலையில் கடைக்கு வந்தபோது அந்த டியூபை ஜெர்சியின் பின்பையில் வைத்திருந்தாள். நான்தான் உருவி எடுத்தேன்.

"ஏத்தத்துல இதெல்லாம் எதுக்கு சொமை? வேன்ல நான் வாறேன்ல?"

"கோச் கையில வச்சிருக்கச் சொன்னாருங்க அண்ணே."

"அவரு வருவாரா, நான் வருவேனா? போ புள்ள."

டியூபை மேசையில் போட்டுவிட்டு கிளப் வேனில் ஏறினேன். என் பெட்டியில் புது டியூப் நான்கு இருந்தது. டயர் அளவு சரியா என்று பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

லிந்துலையைத் தாண்டும்போது அவள் இரண்டாவது. எனக்கு வேனுக்குள் உட்கார முடியவில்லை. ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டுக் கத்திக்கொண்டே வந்தேன். ராதெல்ல ஏற்றத்தில் பின் டயர் காற்று இறங்கியது. ஓடினேன். கழற்றினேன், பழைய டியூபை உருவினேன், புதியதைப் போட்டேன். பம்பை எடுத்தால் வால்வைக் காணோம்! அதன் நுனி ரிம்முக்குள்ளேயே நின்றுவிட்டது. டீப் ரிம்முக்கு நீள வால்வு வேண்டும். என்னிடமிருந்த நான்கும் குட்டை வால்வு. நீள வால்வு டியூப் என் கடை மேசையில் கிடந்தது.

மாற்றுச் சக்கரம் கொண்டுவரும் அளவுக்கு எங்கள் கிளப்புக்கு ஏது வசதி? பழைய டியூபுக்கே பேட்ச் போட வேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒட்டுகிற சொலூஷன் காயும் முன்னே பேட்சை அமுக்கினேன். காற்றடித்தால் ஓரம் கிளம்பியது. ஒருத்தி எங்களைத் தாண்டிப் போனாள். அப்புறம் இன்னும் இருவர்.

"சனியனே!" என்று டியூபைத் திட்டிக்கொண்டு மறுபடி சொலூஷனை எடுத்தேன்.

தர்ஷினி என் கையைப் பிடித்தாள். "அண்ணே, ரெண்டு நிமிசம் சும்மா இருங்க. காயட்டும்."

டியூபுக்கு மேல் குனிந்து, முதுகில் மழையை வாங்கிக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு நிமிடமும் நான் வேனைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அதற்குள் இன்னும் ஆறு பேர் தாண்டிப் போய்விட்டார்கள். பேட்ச் பிடித்தது. சக்கரத்தை மாட்டியதும் ஏறிப் போனாள். வழியில் நான்கு பேரைப் பிடித்தாள். வந்து சேர்ந்தது ஏழாவதாக.

நுவரெலியாவில் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குத் தோட்டத்து வேலைக்குப் போகாமல், பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருந்தார்.

"எத்தனாவது தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன்னே தர்ஷினி சொன்னாள்: "டயரு போயிருச்சும்மா. யாரு மேலயும் தப்பில்ல."

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. "இல்லக்கா, தப்பு என் மேலதான். புள்ள டியூப் வச்சிருந்துச்சு, நான்தான் பையிலருந்து எடுத்துப் போட்டுட்டேன்," என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். நனைந்த ஜெர்சியின் பின்பையைத் தடவிப் பார்த்தார், காலியாக இருந்தது. சத்தம் போடுவார் என்று நின்றேன். போடவில்லை.

"இனிமே எம்புள்ள பையில கைய வைக்காதீங்க தம்பி," என்றார்.

அதற்குப் பிறகு நான் யார் பையிலும் கை வைத்ததில்லை. டியூப் வாங்க வருகிறவர்களிடம் சக்கரத்தையும் கொண்டுவரச் சொல்கிறேன். வால்வை ரிம்மோடு வைத்து அளந்து பார்த்து, அவர்கள் கையிலேயே கொடுக்கிறேன்.