அதிக மாதத்துச் சோறு

1958, விளம்பி வருடம், ஆடி முதல் தேதி. உத்தனப்பள்ளியில் நான் பள்ளி ஆசிரியராக இருந்தேன். பஞ்சாங்கமும் இங்கிலீஷ் காலண்டரும் வைத்திருக்கிறவன் என்று நல்ல நாள் கேட்டு வருவார்கள். அன்று ஒரு கிழவரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நிலத்தைப் பாகம் பிரித்தபோது அப்பாவையும் பிரித்துக்கொண்ட குடும்பம் அது. ஒரு மாதம் பெரிய மகன் வீடு, மறுமாதம் சின்ன மகன் வீடு. பெரிய மருமகள் தர்மபுரிப் பக்கம். அவளுக்குத் தமிழ் மாதம். சின்னவள் தளிக்காரி, வீட்டில் கன்னடம். அமாவாசை கழிந்தால்தான் அவளுக்குப் புது மாதம் பிறக்கும். சில நாள் முன்பின் ஆனாலும் இதுவரை எப்படியோ அனுசரித்துப் போனார்கள். அந்த வருடம் அமாவாசைக் கணக்கில் ஒரு மாதமே கூடுதலாக வந்துவிட்டது.

"ஆனி முடிஞ்சிது, என் முறை தீந்துது. அவ கதவத் தெறக்க மாட்டேங்கறா வாத்தியாரே" என்றாள் பெரியவள்.

"நான் எங்க மாட்டேன்னேன்? இது அதிக மாசங்க. இது முடிஞ்சு சிராவணம் பொறக்கட்டும், மாமாவ நானே வந்து கூட்டிக்கறேன். அதிக மாசத்துல புதுசா எதையும் வீட்டுக்குள்ள சேக்க மாட்டோம்."

"அவரு என்னா பித்தளை அண்டாவா, புதுசா சேக்கறதுக்கு?"

மகன்கள் இருவரும் வாசலில் நின்று மேகம் பார்த்தார்கள். நான் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் சொன்னது சரி. அதைச் சொன்னேன், யாருக்கும் உதவவில்லை.

"இன்னிக்குக் களி எந்த வீட்லன்னு மட்டும் அதுல பாத்துச் சொல்லு வாத்தியாரே" என்றார் கிழவர்.

எனக்குக் கோபம் வரவில்லை, அலுப்புத்தான். அவரை அவர்கள் பட்டினி போட்டதில்லை. முறை தப்பாமல் சோறு போட்டார்கள். முறை இல்லாத மாதத்தில் அவர் யாருக்கு என்ன வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

இங்கிலீஷ் மாதத்துக்கு மாறிவிடுங்கள், அதில் கூடுதல் மாதம் கிடையாது என்றேன். ஜூலையில் பாதி போய்விட்டது. மீதி பெரிய வீடு, ஆகஸ்டு சின்ன வீடு, அப்படியே மாறி மாறி. தெருவில் ஆட்கள் கூடிவிட்டதால் சரி என்றார்கள். பெரியவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே போய்ப் பிப்ரவரியில் நின்றாள்.

"பிப்ரவரி அவளுக்கா? இருக்கறதுலயே கொறஞ்ச மாசம் அவளுக்கு, எனக்கு மட்டும் நெறஞ்ச மாசமா?"

பிப்ரவரியை வருடத்துக்கு ஒரு வீடாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பெரிய மகன் அப்பாவை எழுப்பி நடத்திப் போனான்.

"ஜூலைல இன்னும் எத்தினி நாளு கெடக்குது?" என்று மனைவியிடம் கேட்டான்.

கிழவர்தான் பதில் சொன்னார். "பாதி மாசந்தான்டா. ஓடிப்போயிரும்."