முக்காலி உயரத்தில் ஒரு குரூஸர்

"உட்கார்ந்த நிலையில் செய்யக்கூடிய இலகுவான பணிக்கு மட்டுமே தகுதியுடையவர். விரைவான அசைவுகள் கூடாது."

இடுப்பு அறுவை முடிந்து வேலைக்குத் திரும்பியவளைப் பற்றி மருத்துவக் குழு எழுதிவைத்தது இவ்வளவுதான். எழுதியவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் எலும்பைப் பார்த்தார்கள். ஆளைப் பார்க்க நேரம் இருந்திருக்காது.

ஆளை எல்லோரும் ரத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பரிசோதனைக் கூடத்துக்காக ரத்த மாதிரிகளை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மோட்டார்சைக்கிளில் சுமந்தவள். முதலில் 'ரத்தம் கொண்டுவர்ற அக்கா' என்றிருந்த பெயர், அவசரத்தில் இப்படிச் சுருங்கிவிட்டது. பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் எப்படித் திரும்பினாலும் உள்ளே ஒரு குழாய் இன்னொன்றை இடிக்காது என்பது நர்ஸுகள் சொல்லும் கதை. அவ்வளவு வேகமாகப் போவாள். போவது பெட்டிக்கே தெரியாது. இத்தனை ஆண்டு சாலையில் விழாதவள், பரிசோதனைக் கூடத்தில் கழுவிவிட்ட தரையில் வழுக்கி விழுந்தாள்.

அதற்குப் பிறகு மேசை, நாற்காலி, தொலைபேசி. "மாதிரி வந்துட்டுதா?" என்று கேட்பவர்களுக்கு "வந்துட்டிருக்கு" என்று சொல்லும் வேலை. தான் ஓட்டியிருந்தால் எப்போதோ வந்திருக்கும் என்று தெரிந்துகொண்டே சொல்லும் வேலை.

உடற்பயிற்சி கற்றுக்கொடுத்த பெண் ஒருநாள், மறுபடி வண்டி ஓட்டலாம் என்று சொன்னாள். இரண்டே நிபந்தனை. காலைத் தூக்கி உயரமான சீட்டைத் தாண்டக்கூடாது; முழங்காலை மடக்கிப் பின்னால் வைக்கக்கூடாது. தாழ்ந்த சீட், முன்னால் நீட்டிய கால். அதாவது குரூஸர்.

ரத்தக்காவின் முகம் சுருங்கிவிட்டது. குரூஸர் என்றால் அவளுக்குச் 'சக்கரம் வச்ச சோபா'. நேர்சாலையில் ராஜா, வளைவு வந்தால் பல்லக்கு. அவளுக்கு வேண்டியதோ மலைச்சாலை. வண்டிக்காரர்கள் சங்கம் ஆண்டுக்கு ஒரு காலையில் அந்தச் சாலையை அடைத்து, ஒவ்வொருவராக ஏறவிட்டு நேரம் பார்க்கும். விழுவதற்கு முன் அவள் தவறவிட்டதே இல்லை. இப்போது மனதுக்குள் ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டாள்: வளைவில் சாய்ந்து அந்த மலையை ஏற முடிந்தால் வண்டி உண்டு, முடியாவிட்டால் ஹெல்மெட் பரணுக்கு.

கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரியவைப்பது தொழில் என்பதால், தனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்ற எண்ணம் அவருக்கு உண்டு.

"முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதையா இருக்கும்மா."

"அவன் ஒரு முக்காலி போட்டுக்கலையேங்க. அதான் எட்டலை."

விளையாட்டாகச் சொன்னவள் அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு சமையலறை முக்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் பழைய தொலைபேசிப் புத்தகங்களை அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, காலை வீசித் தாண்டிப் பார்த்தாள். இடுப்பு முனகாத உயரம் கடைசியில் வெறும் முக்காலிதான். அன்றிலிருந்து அந்த முக்காலி சமையலறைக்குத் திரும்பவில்லை. கணவர் வெங்காயத்தை நின்றுகொண்டே உரித்தார்.

வண்டியைக் கட்டித் தருவது தம்பி. ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான், பழைய வண்டியை வாங்கி, பிரித்து, வேறொன்றாக மாற்றுவது அவன் பிழைப்பு. சங்கத்தின் நாளுக்குள் ஒரே ஒரு வண்டிதான் கட்ட முடியும் என்று சொல்லியிருந்தான். அடிப்படையாக எடுக்கிற பேஸ் வண்டி தப்பாகப் போனால் எல்லாமே தப்பாகும். அப்படிச் சொன்ன அவனே, அக்காவைக் கேட்காமல் பேஸ் வண்டியை வாங்கிவிட்டான். பாசம் வந்தால் புத்தி லீவு போடுவது அந்தக் குடும்பத்து வழக்கம்.

தார்ப்பாயை அவன் உருவியபோது, பக்கத்தில் நின்ற பெயிண்டர் கண் கலங்காத குறை. பெரிய எஞ்சின். எங்கு பார்த்தாலும் குரோமியம். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

"எப்படிக்கா இருக்கு?"

"எருமை குளிச்சிட்டு வந்து நிக்கிற மாதிரி இருக்குடா."

"எஞ்சின் எவ்வளவு பெருசு தெரியுமா? நீ பர்ஃபார்மன்ஸ் வேணும்னு சொன்னியே."

ரத்தக்கா முக்காலியைப் பக்கத்தில் வைத்தாள். சீட் முக்காலியைவிடத் தாழ்ந்திருந்தது. தம்பி அவளைப் பார்த்து, வாய் திறக்காமல் சிரித்தான்.

"சரி. இப்ப சாய்."

"என்னது?"

"ஸ்டாண்டை எடுத்துட்டு ரெண்டு பேருமாப் பிடிச்சுச் சாய். எது முதல்ல தரையைத் தொடுதுன்னு பார்க்கணும்."

தம்பி ஒருபக்கம், பெயிண்டர் மறுபக்கம். வண்டி லேசாகத்தான் சாய்ந்தது. அதற்குள் ஃபுட்ரெஸ்ட் 'டக்' என்று தரையைத் தொட்டது.

"நின்ன இடத்துல தொட்டா என்ன, ஓடறப்ப ஷாக் அப்சார்பர் தூக்கிக் கொடுக்கும்" என்றான் தம்பி.

"வளைவுல அது அமுங்கும்டா, தூக்காது. நம்பலைன்னா ஓட்டிப் பாரு."

ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் லாரிகள் திரும்புகிற காலி மைதானம். தம்பி முதல் வட்டத்தை நிதானமாகப் போட்டான். இரண்டாவது வட்டத்தில் கொஞ்சம் முறுக்கினான். ஃபுட்ரெஸ்ட் தரையில் கோடு கிழித்தது. மூன்றாவதில் சைலன்ஸரும் தேய்ந்து, பின்சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு எழும்ப, வண்டி வட்டத்தை மறந்து சுவரை நோக்கிப் போயிற்று. சுவருக்கு முன் நிறுத்திவிட்டான். கெட்டிக்காரன்தான்.

"குரோமியம் போச்சே" என்றார் பெயிண்டர்.

"அவன் போயிருப்பான். நீங்க குரோமியத்துக்கு அழுவுங்க" என்றாள் ரத்தக்கா. பிறகு தம்பியின் தோளைத் தட்டினாள். "வித்துடுடா. நேரே போறவங்க யாராவது சந்தோஷமா வாங்குவாங்க."

பழைய வண்டிகள் விற்கும் யார்டுக்கு மறுநாளே பெயிண்டரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கணவர் முக்காலியைச் சுமந்து வந்தார். "கண்ணாடிக்காரரே, வித்தை காட்டப் போறீங்களா?" என்று வாசலில் ஒருவன் கேட்டான். "ஆமா, நான் ஏறி நிப்பேன், நீ குச்சியைச் சுத்து" என்றார் அவர். சொல்லிவிட்டு அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வரிசை வரிசையாக வண்டிகள். சங்கடம் என்னவென்றால், முக்காலிக்குப் பணிந்தவை சாய மறுத்தன. சாயச் சம்மதித்தவை முக்காலியைக் குனிந்து பார்த்தன. தாழவும் வேண்டும், சாயவும் வேண்டும் என்றால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். தரை விட்டுக்கொடுக்காது.

"அக்கா, நீ கேக்கற வண்டியை எவனும் செய்யலை" என்றான் தம்பி.

"செஞ்சிருந்தா உன்கிட்ட எதுக்குடா வர்றேன்?"

அப்படிச் சொல்லிக்கொண்டே அவள் ஒரு வண்டியின் முன் நின்றாள். பார்சல் கம்பெனிக்கு ஓடிய வண்டி. காலாவதியான மாத்திரையின் நிறம். டேங்க் ஒருபக்கம் குழிந்திருந்தது. சீட்டோ முக்காலியைவிட ஒரு சாண் உயரம். தம்பி தாண்டிப் போய்விட்டான். அவள் போகவில்லை. இரட்டை சிலிண்டர் எஞ்சின், ஆனால் இடுப்பு ஒடுங்கியது; தொடையை அகட்டாமல் உட்காரலாம். முன்சக்கரத்தில் இரண்டு டிஸ்க் பிரேக். சாய்த்துப் பார்க்கச் சொன்னாள். சாய்ந்தது, சாய்ந்தது, பெயிண்டர் "போதும்மா, கை வலிக்குது" என்கிற வரை சாய்ந்தது.

"சாயுது சரி. ஏறுவியா?" என்று கேட்டார் கணவர்.

அவள் சீட்டைக் கழற்றச் சொன்னாள். பிறகு டார்ச்சை வாங்கி உள்ளே அடித்துப் பார்த்து, மெல்லச் சிரித்தாள். சீட்டைத் தாங்கும் பின்சட்டம் சேஸிஸோடு வெல்டு செய்யப்படவில்லை. நாலு போல்ட்டில் மாட்டியிருந்தது.

"தம்பி, இங்க வா. வண்டியைத் தாழ்த்தினா சாயாது. வண்டி அப்படியே நிக்கட்டும். இந்தச் சட்டத்தைக் கழட்டி எறி. வேற சட்டம் தாழ்வாச் செய். பேட்டரியை வேற இடத்துக்குத் தள்ளு. சீட் இங்க வரும்." கையை வைத்துக் காட்டினாள். கை முக்காலி உயரத்தில் நின்றது. "ஃபுட்ரெஸ்ட்டை முன்னால வை, ஆனா மேல தூக்கி வை. தரையைத் தொடாது."

தம்பி மண்டியிட்டு உள்ளே பார்த்தான். தலையை வெளியே எடுக்க வெகுநேரம் ஆயிற்று. எடுத்தபோது அவன் முகத்தில் பாசம் போய்ப் புத்தி வந்திருந்தது.

"பின்டயர் முட்டும்" என்றான்.

"எவ்வளவு?"

"ஒரு இஞ்ச். அவ்வளவு தாழ்த்த முடியாது. சீட் ஒரு இஞ்ச் மேல வந்தே தீரும்."

எல்லோரும் முக்காலியைப் பார்த்தார்கள். முக்காலி என்ன செய்யும், பாவம். வாய் திறந்தவர் கணவர்தான்.

"ஏம்மா, வீட்டுல காலை வீசிப் பார்த்தப்ப காலில் என்ன போட்டிருந்தே?"

"ஒண்ணும் போடலை."

"மலைக்கு வெறுங்காலோடயா போவே?"

அவளுடைய பழைய பூட்ஸின் அடிப்பாகம் ஒரு இஞ்சுக்கும் அதிகம். இத்தனை பெரிய கணக்கைப் போட்டவள் அதை மறந்துவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று கணவர் சொல்ல வாயெடுத்து, அவள் கூடத்தில் சறுக்கி விழுந்ததன் நினைவு வந்து, விழுங்கிக்கொண்டார். அந்த ஒரு இஞ்சில்தான் அவர் கட்சி மாறினார் என்பது என் ஊகம். கண்டுபிடித்தவனுக்குக் கண்டுபிடிப்பின் மேல் ஆசை வராமல் இருக்காது.

வண்டி உருவானது. டேங்கின் குழியைத் தட்டி எடுக்க வேண்டாம் என்று ரத்தக்கா சொன்னாள்; முழங்கால் அங்கே வசதியாக அமர்கிறதாம். பெயிண்டர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு, குழியோடு சேர்த்து ஆழ்ந்த சிவப்பில் அடித்துக் கொடுத்தார். காரணம் கேட்டதற்கு, "ரத்தக்கா வண்டி பச்சையாவா இருக்கும்?" என்றார்.

சங்கத்தின் காலையில் மலையடிவாரத்தில் ஒரு தகராறு. குரூஸர் பிரிவில் பெயர் எழுதுகிறவர் வண்டியைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது குரூஸர் மாதிரித் தெரியலையே."

"உங்க விதி என்ன சொல்லுது?"

"சீட் தாழ்ந்திருக்கணும். கால் முன்னால இருக்கணும்."

"அளந்து பாருங்க."

அவர் அளவுகோலைத் தேடினார். கணவர் முக்காலியைக் கொண்டுவந்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பின் அளவுகோலும் வந்தது. இரண்டும் ஒரே தீர்ப்பைச் சொல்லின. கால் முன்னால்தான் இருந்தது. எழுதுகிறவர் எழுதினார்.

அவள் முக்காலியைத் தாண்டுவதுபோலவே சீட்டைத் தாண்டினாள். இடுப்பு முனகவில்லை. கொடி இறங்கியது.

முதல் வளைவில் அவள் பயந்துதான் சாய்ந்தாள். பயந்தது இடுப்புக்காக இல்லை; எதுவோ எங்கேயோ தேயும் சத்தத்துக்காக. காதைத் தீட்டிக்கொண்டு சாய்ந்தாள். எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. இரண்டாவதில் இன்னும் சாய்ந்தாள். மூன்றாவதில் காதைக் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணை வளைவின் மறுமுனைக்கு அனுப்பினாள். ஐஸ் பெட்டி காலத்தில் அனுப்பியது போலவே. அதற்கு மேல் மலைதான் அவள் பக்கம் வந்தது. முன்பே ஏறி முடித்து, இறங்குவதற்காகச் சாலையோரம் காத்திருந்த குரூஸர்காரர்கள், தேய்ந்த ஃபுட்ரெஸ்ட்டுகளோடு, அவள் போவதைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "அந்தம்மா மெதுவாத்தானே போறாங்க?" என்று கேட்டாராம். மெதுவாகத் தெரிந்தது என்பதுதான் விஷயம்.

உச்சியில் நேரம் பார்க்கிறவர் கடிகாரத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். தம்பி அவரை முந்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனோடு முன்னதாகவே ஜீப்பில் ஏறி வந்திருந்த கணவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கலாம்."

அன்று குரூஸர் பிரிவில் மலையேறிய எல்லோரையும்விட அவள் சீக்கிரம் உச்சிக்கு வந்தாள். மேலே ஒரு டீ குடித்தாள். கீழேயும் வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள்.